இரு கோப்புகளுக்கு இடையில் ஒரு சொல்

இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எந்த மென்பொருள் ஏற்றது என்பது பற்றித் தமிழ் கற்பிக்கும் ஒருவன் எழுதப் புகுவது நண்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் அக்கருவிகள் எனக்குத் தேவைப்பட்ட கதையையும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்த முறையையும், தேர்ந்த பின்னர் நான் செய்த பிழையையும் எழுதி வைக்க விரும்புகிறேன். பிழையைச் சொல்வதே முதன்மை நோக்கம்.

2003-ஆம் ஆண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக மோகனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தேன். வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ்ந்த காவிரிக் கரை ஊர் அது. பாடியவர் ஒரே ஒரு மூதாட்டி. தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி என்று ஐந்து ஒலிநாடாக்கள் நிறையப் பாடினார். அவற்றைக் கேட்டுக் கேட்டு இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதினேன். பட்டம் கிடைத்தது. ஒலிநாடாக்கள் பரணில் கிடந்து பூஞ்சை பிடித்து வீணாயின. மூதாட்டியும் மறைந்தார். நோட்டுப் புத்தகங்கள் மட்டும் எஞ்சின.

சென்ற ஆண்டு அவருடைய மகள்வழிப் பேத்தி என் வகுப்பில் மாணவியாக வந்து சேர்ந்தார். "எங்க அம்மாயி பாட்டெல்லாம் உங்ககிட்ட இருக்குதாமே ஐயா?" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குள் அவற்றை ஒரு சிறு நூலாக அச்சிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்பது அக்குடும்பத்தாரின் ஆசை. செலவு அவர்களுடையது, பிழையற்ற பிரதி தருவது என் பொறுப்பு.

பிழையைக் களைய நானறிந்த வழி ஒன்றுதான். ஒரே மூலத்தை இருவர் தனித்தனியே தட்டச்சுச் செய்ய வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்தல் அரிது. ஆகவே எங்கே வேறுபாடு உண்டோ அங்கே ஒருவராவது தவறியிருக்கிறார் என்று கொள்ளலாம். நோட்டுப் புத்தகங்களை ஒளிப்படமாக எடுத்து முதுகலை மாணவர் இருவரிடம் கொடுத்தேன். முதலாமவர் இலக்கணத்தில் தேர்ந்தவர், பொறுமைசாலி. இரண்டாமவர் விரைவுக்காரர், ரகர றகரம் அவருக்கு ஒன்றே. ஒரு மாதத்தில் இரண்டு கோப்புகளும் வந்தன.

பொங்கல் விடுமுறைக்கு இராசிபுரம் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் அச்சமயம் என்னைக் காண வந்தார். பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிபவர். இரண்டு அச்சுத்தாள் கட்டுகளையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, நாங்க தினமும் செய்யற வேலை இது. இதுக்குன்னே கருவி இருக்குதுங்க" என்றார்.

அவர் சொல்லக் கேட்டறிந்த வரலாறு இது. யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக 1970-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் என்பார் கோப்புகளை ஒப்பிடும் சிறு நிரல் ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் 'டிஃப்'. அதன் கணித முறையை விளக்கி அவரும் ஜேம்ஸ் ஹன்ட் என்பாரும் 1976-இல் ஓர் அறிக்கை எழுதினர். நெறி எளியது. இரண்டு கோப்புகளிலும் ஒரே வரிசையில் வரும் பொதுவான வரிகளின் மிக நீண்ட தொடரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அத்தொடரில் அடங்காதவை எல்லாம் வேறுபாடுகள். அதாவது, கருவி வேறுபாட்டைத் தேடுவதில்லை, ஒற்றுமையைத் தேடுகிறது. மிஞ்சுவது வேறுபாடு.

கேட்டதும் எனக்கு உ.வே.சா. நினைவு வந்தது. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டதும், படிப்பதற்குப் பிரதி கொடுத்ததும் தமிழுலகம் அறிந்தது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய அம்மனிதரின் ஒரு கேள்வியிலிருந்து புறப்பட்ட ஐயர், ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். ஒருவர் ஒரு பிரதியை வாசிக்க மற்றவர் வேறு பிரதியைப் பார்த்துக்கொண்டு, மாறுபடும் இடங்களைக் குறிக்கும் பணி அது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். இத்தனை மயக்கங்களுக்கிடையே கண்ணும் காதும் நினைவுமே அவருக்குக் கருவிகள்.

இனிக் கருவித் தேர்வுக்கு வருகிறேன். என் மாணவர் நான்கைச் சொன்னார். வின்மெர்ஜ் இலவசமானது, கட்டற்ற மென்பொருள், விண்டோஸில் இயங்குவது. இரண்டு கோப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்து, மாறுபட்ட வரிகளை வண்ணமிட்டு, வரிக்குள் மாறுபட்ட சொல்லையோ எழுத்தையோ தனியே காட்டும். லினக்ஸில் பணிபுரிவோர் மெல்ட் என்பதை விரும்புவர், அதுவும் இலவசம். பியாண்ட் கம்பேர் விலைக்கு உரியது. சில நாள் இலவசமாகப் பார்த்துவிட்டு வாங்கலாம். கேடிஃப்3 மூன்று கோப்புகளை ஒருங்கே ஒப்பிடுவதில் வல்லது. மூன்றாவது கோப்பு எதற்கு என்றேன். "இரண்டுக்கும் முந்திய பொது மூலம் ஐயா. மூலத்திலிருந்து யார் மாற்றினாங்கன்னு அதை வெச்சுத்தான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா அந்த மாற்றத்தைக் கருவியே ஏத்துக்கும்" என்றார். பாடபேத ஆராய்ச்சியில் மூல ஏடு என்று நாம் தேடி அலைவதன் பெருமை நிரலாளர்க்கும் தெரிந்திருக்கிறது.

என்னிடம் மூலம் கையெழுத்தாக அன்றோ இருந்தது! அதைக் கருவிக்குள் இட இயலாது. ஆகவே இருகோப்பு ஒப்பீடே போதும் என்று வின்மெர்ஜைத் தேர்ந்தோம். பாட்டு வரி குறுகியது என்பதால் வரிவாரியான ஒப்பீடு நன்கு பொருந்தியது. உரைநடையானால் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகக் கருதப்பட்டுவிடும். அப்போது சொல்லளவில் காட்டும் வசதி இல்லாத கருவி பயன்படாது. இதைத் தேர்வின் முதல் விதியாகக் கொள்க.

முதல் ஒப்பீட்டில் ஏறத்தாழ எல்லா வரிகளும் வண்ணமாயின. திகைத்தோம். 'கொ', 'போ' என்று கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்த எழுத்துகள் வேறுவேறு எனக் காட்டப்பட்டன. காரணம் பின்னர் விளங்கியது. இரண்டாமவர் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சுச் செய்து, பிறகு ஒருங்குறிக்கு மாற்றியிருந்தார். ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் உரு ஒன்று. உள்ளே எண் வேறு. ஏட்டில் ஓர் உருவம் பல எழுத்தாக மயங்கியது. கணினியில் ஓர் எழுத்து இரண்டு வடிவமாகப் பிரிகிறது. ஆகவே தமிழ்க் கோப்புகளை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே குறியீட்டு முறைக்குக் கொண்டுவந்து சீர்செய்தல் இன்றியமையாதது. இது இரண்டாம் விதி. மாணவர் ஒரு சிறு நிரல் எழுதி அதைச் செய்துவிட்டார். எஞ்சியவை அறுநூற்றுச் சொச்சம்.

அவர் ஊர் திரும்பியபின் நான் தனியே அமர்ந்தேன். முதல் இருநூறு வேறுபாடுகளில் பெரும்பாலானவை இரண்டாமவர் பிழைகளே. 'கரவை' என்பார்; 'அரிவாள்' என்பதை 'அறிவால்' ஆக்குவார். எனக்குப் பொறுமை தேய்ந்தது. வின்மெர்ஜில் ஒரு வசதி உண்டு. ஒரே சொடுக்கில் எல்லா வேறுபாடுகளிலும் ஒரு பக்கத்தை மறுபக்கத்தில் படியெடுத்துவிடலாம். முதலாமவர் பக்கமே திருத்தம் என்று துணிந்து அதைச் சொடுக்கினேன், சேமித்தேன். நானூறு வேறுபாடுகள் நொடியில் மறைந்தன. கோப்புகள் இரண்டும் ஒன்றாயின என்று கருவி அறிவித்தபோது நிறைவாகவே இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கப் பேத்தியிடம் தாள்களைக் கொடுத்தேன். மறுநாள் துறை அறைக்கு வந்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"எங்கம்மாயி நோன்புன்னு ஒருக்காலும் சொல்லாதுங்க ஐயா. நோம்பின்னுதான் சொல்லும்."

எங்கள் பக்கத்தில் நோம்பி என்றால் திருவிழா. பலகாரம் சுட்டு, உறவை அழைத்து, உண்டு களிக்கும் நாள். நோன்பு என்றால் உண்ணாதிருத்தல். பிறந்தவீட்டு நோம்பிக்கு அண்ணன் அழைக்க வருவான் என்று ஏங்கும் பெண்ணின் பாட்டு, என் தாளில் அண்ணன் அவளைப் பட்டினி கிடக்க அழைப்பதாக ஆகியிருந்தது.

முதலாமவரை அழைத்துக் கேட்டேன். "நோட்டில் நோன்பு என்றுதான் இருக்கிறது ஐயா" என்றார். நோட்டை எடுத்தேன். அவர் சொன்னது மெய். 'நோம்பி' என்று மையால் எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு இழுத்து, 'நோன்பு' என்று பென்சிலால் மேலே எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. ஆய்வேட்டைத் தூய தமிழில் தரவேண்டும் என்ற இருபது வயதுத் துடிப்பு. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000-ஆம் ஆண்டே வெளிவந்துவிட்டது. அது அன்று என் மேசை மேலேயே இருந்தது என்பதை எண்ண வெட்கமாயிற்று.

பென்சில் எழுத்து ஒளிப்படத்தில் மங்கியிருந்தபடியால், விரைவுக்காரராகிய இரண்டாமவர் பல இடங்களில் அடியிலிருந்த மை எழுத்தையே தட்டச்சுச் செய்திருந்தார். 'பொழுதோட' என்பதை நான் 'பொழுதோடு' ஆக்கியிருந்தேன். எங்கள் வழக்கில் முன்னது மாலை வேளை. பின்னதை மற்றவர் காலம் தாழ்த்தாமல் என்று கொள்வர். 'ஒட்டுக்கா' என்பதை 'ஒன்றாக' என்று மாற்றியிருந்தேன். இவை யாவும் அவருடைய பிழை மலிந்த கோப்பில் உயிரோடு இருந்தன. அந்தக் கோப்பின் மீதுதான் நான் ஒரே சொடுக்கில் எழுதிவிட்டேன்.

பெங்களூருக்குத் தொலைபேசினேன். நல்லவேளை, சீர்செய்த கோப்புகளை அவர் 'கிட்' என்னும் முறையில் சேமித்து வைத்திருந்தார். லினக்ஸ் உருவாக்கத்துக்கென்று லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கியது அது. ஒவ்வொரு நிலையையும் காலவரிசையில் காத்து வைப்பது. முந்திய நிலைக்கு எப்போதும் மீளலாம். பத்து நிமிடத்தில் பழைய கோப்பு வந்துவிட்டது. ஒப்பிடுமுன் இரு பிரதிகளையும் தொடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பதை மூன்றாம் விதியாக எழுதிக்கொண்டேன்.

அவர் அன்று சொன்ன ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. "எங்க தொழில்ல தப்பா இணைச்சா பெரும்பாலும் நிரல் ஓடாதுங்க ஐயா, இல்லைன்னா சோதனையில மாட்டிக்கும்." உண்மை. நூலுக்கு அப்படியொரு சோதனை இல்லை. தவறான பாடமும் தடையின்றி ஓடும், இலக்கணத்தோடும் ஓடும், சரியானதைவிட அழகாகவும் ஓடும். எனவே நிரலாளர்க்கு நன்மையாகும் தானியங்கு இணைப்பு, நமக்கு ஆகாது. வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிட்டு, தீர்ப்பை நம்மிடம் விட்டு ஒதுங்கி நிற்கும் கருவியே நமக்கு உரியது. கேடிஃப்3-ஐயோ பியாண்ட் கம்பேரையோ தேர்ந்திருந்தாலும் அந்தச் சொடுக்கை நான் செய்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீண்டும் அமர்ந்தோம். இம்முறை நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்து, பேத்தியையும் உடன் வைத்துக்கொண்டு, அறுநூற்றுச் சொச்சம் வேறுபாடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினோரு மாலைகள் ஆயின. மூதாட்டியின் சொல்லை மேலேயும், நான் திருத்திய சொல்லை அடிக்குறிப்பில் பிரதிபேதமாகவும் கொடுத்தோம். இளமையில் நான் செய்தது நூலில் பதிவாக இருக்கட்டும் என்று நானே வற்புறுத்தினேன்.

நான்கு இடங்களில் மட்டும் கோடு இழுக்காமல், அடிச்சொல் தெரியாதபடி மையாலேயே முழுவதும் தீற்றிவிட்டிருந்தேன். இரண்டு கோப்புகளிலும் அவ்விடங்களில் என் சொல்லே இருந்தது. ஆகவே கருவி அங்கே எதையும் காட்டவில்லை. பேத்தி தம் தாயாரிடம் தொலைபேசியில் அவ்வரிகளைப் பாடிக் காட்டினார். அவர் சிறிது நேரம் முணுமுணுத்துப் பார்த்து இரண்டு சொற்களைச் சொன்னார். மற்ற இரண்டு அவருக்கு நினைவில்லை. நோம்பிக்கு முதல்நாள் நூல் வந்தது. அவ்விரண்டு இடங்களிலும் புள்ளிகளே அச்சாகியுள்ளன.