செஞ்சிக் காய்ச்சல்

செஞ்சி

அன்புள்ள நண்பருக்கு,

இராஜகிரியின் செங்குத்தான படிகளில் ஏறி, பாறைப் பிளவின்மேல் போட்டிருக்கும் பாலத்தையும் கடந்து உச்சியை அடைந்தால், கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் எதிரே நிற்க, மூன்று மலைகளையும் வளைத்துக்கொண்டு ஓடும் மதிலும், மதிலுக்குள் அடங்கிய குளங்களும் களஞ்சியங்களும் கல்யாண மகாலும் ஒருசேரக் கண்ணுக்குப் புலனாகின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இந்தச் செஞ்சிக் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பிறகு, இங்கே வருவோரும் இதைப் பற்றி எழுதுவோரும் பெருகியிருக்கிறார்கள். ஆதலால் மராட்டிய மன்னர் ராஜாராம் வருஷக்கணக்கில் மொகலாயர் முற்றுகையைத் தாங்கிய வரலாற்றையும், தேசிங்குராஜன் 1714இல் களத்தில் மடிந்த கதையையும் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். இந்த ஊருக்கு வந்த அந்நியர்களைப் பீரங்கியையும் வாளையும்விட அதிகமாகக் கொன்ற காய்ச்சலைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

மராட்டியரிடமிருந்து மொகலாயர் பல்லாண்டு போராடிப் பெற்ற இந்தத் துர்க்கத்தை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். அந்த வெற்றிக்குப் பின்னர் நடந்ததை ராபர்ட் ஓர்ம் தம் சரித்திர நூலில் குறித்து வைத்திருக்கிறார்: கர்நாடகத்திலேயே இவ்வளவு கெட்ட சுவாத்தியமுள்ள இடம் வேறில்லை என்று பெயர்பெற்ற இந்தக் கோட்டையில், ஏறக்குறைய 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் நெடுங்காலம் வைத்திராத பிரெஞ்சுக்காரர், பத்து வருஷத்தில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் படை முழுவதும் பன்னிரண்டு முறை செத்து, பன்னிரண்டு முறை புதிதாக நிரப்பப்பட்டது என்றாகிறது. புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயக் காப்டன் ஸ்டீபன் ஸ்மித் செஞ்சியை முற்றுகையிட்டபோது, அவரிடமிருந்த கும்பினிச் சிப்பாய்களிலும் 300 பேர் இதே காய்ச்சலுக்கு இரையானார்கள். ஏப்ரலில் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த முந்நூறு பேரும் நம் நாட்டவரே, என்றாலும் இந்தத் தண்ணீருக்கும் காற்றுக்கும் அவர்களும் அயலார்தாம். துரைமார்களின் பெயர்களைச் சரித்திரம் சொல்கிறது. இவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

அக்காலத்தவர் ‘காற்றுத் தோஷம்’ என்று கருதியது மலேரியாவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள சக்கரகுளத்தின் படியில் குனிந்து பார்த்தேன். பாசியின் விளிம்பில், கல்லை ஒட்டிய நிழலில், கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. முற்றுகைக் காலத்துக்கென்று தேக்கிவைத்த தண்ணீரே காவற்படைக்குச் சத்துருவாயிற்று என்று அங்கே நின்றபோது எனக்குத் தோன்றிற்று. நோயின் கிருமியைப் பிரெஞ்சு மருத்துவர் லவெரான் கண்டது 1880இல். கொசுவின் வயிற்றில் அதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். அதற்கு நூற்றாண்டுக்கு முன்னமே மாண்டவர்களுக்குத் தங்களைக் கொல்வது எதுவென்று தெரிந்திருக்க வழியில்லை. ஊராருக்கு இந்தக் காய்ச்சலைத் தாங்கும் திராணி ஓரளவு உண்டு, புதிதாக வந்தவனுக்கு இல்லை என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அந்தத் திராணியும் தலைமுறை தலைமுறையாகப் பச்சைக் குழந்தைகளைப் பலிகொடுத்துப் பெற்றது என்பதை நாம் மறக்கலாகாது.

பரதேசத்தில் படுத்த நோயாளிக்கு மருந்தைப் போலவே வேண்டியது, அவன் பாஷையில் ‘என்ன செய்கிறது?’ என்று கேட்க ஓர் ஆள். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் 1917இல் நோய்வாய்ப்பட்டு, மருத்துவ விடுதி மாற்றி விடுதியாகக் கிடந்து, மாட்லாக்கில் குளிரிலும் ஒவ்வாத ஆகாரத்திலும் வாடிக்கொண்டிருந்தபோது, அந்நாட்டில் உத்தியோகத்திலிருந்த ராமலிங்கம் என்ற தமிழ் இளைஞர் அவரைத் தேடிச் சென்று பார்த்து, உடனிருந்து, அவருடைய நிலைமையையும் சாப்பாட்டுக் கஷ்டத்தையும் விவரித்துப் பேராசிரியர் ஹார்டிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். சூத்திரங்களுக்காக ராமானுஜனைக் கொண்டாடும் நாம் அந்தக் கடிதத்துக்காக ராமலிங்கத்தையும் நினைக்க வேண்டும்.

இத்தனையும் எழுதக் காரணம் உண்டு. நான் தங்கியிருக்கும் விடுதியில், அடுத்த அறைக்கு, முதுகில் மூட்டையுடன் திருவண்ணாமலையிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெல்ஜியம் தேசத்தவர், தாய்மொழி பிரெஞ்சு. வந்த மறுநாளே ஜுரம். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிவது போன்ற குடைச்சல். இரவில் அவர் பிதற்றியது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். பழைய காய்ச்சல் குளத்தில் பிறந்ததென்றால், இது வாசலில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரில் பிறக்கிறது.

சில தினங்களில் உடம்பு சில்லிட்டதும், குணமாகிவிட்டதென்று அவர் எழுந்து கோட்டைக்குக் கிளம்ப ஆயத்தமானார். மருத்துவரோ, டெங்குவில் ஜுரம் விடும் வேளையே ஆபத்தான வேளை, அப்போதுதான் தட்டணுக்கள் சரியும், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் என்று விளக்கிக் கையோடு வார்டில் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞருடைய பையிலிருந்த வலி மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டு பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார். விடுதிக் காவற்காரரின் மனைவி வேளாவேளைக்கு நொய்க் கஞ்சியும் இளநீரும் கொண்டுபோனார். ‘தம்பி, இன்னும் ரெண்டு வாய்’ என்று அவர் சொன்ன தமிழ் அந்தப் பிள்ளைக்கு எப்படியோ புரிந்தது. சிறுநீர் எத்தனை முறை போயிற்று என்று நர்ஸம்மா கேட்பார் என்பதற்காக, காவற்காரர் பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கிழித்து வைத்தார். அந்தத் தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 1,200 பேரில் ஒருவனுக்காவது இப்படிக் கோடு கிழிக்க ஓர் ஆள் வாய்த்திருப்பானா என்று நினைத்தபோது நெஞ்சு கனத்துப் போயிற்று.

இப்போது தட்டணுக்கள் ஏறி, அபாயம் நீங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை அவரைத் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு அனுப்புகிறேன். தாங்கள் பிரெஞ்சு அறிந்தவர்; பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போய், தங்கள் வீட்டு மாடியறையில் தங்க வையுங்கள். ஜிப்மரில் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு மூலமான வைத்தியப் பள்ளியைப் பிரெஞ்சுக்காரர் 1823லேயே தங்கள் ஊரில் தொடங்கினார்கள் என்று சொன்னால் கேட்டு மகிழ்வார். அவருடைய தாயாருடன் தொலைபேசியில் தாங்களே பேச வேண்டும். எங்கள் அரைகுறை இங்கிலீஷில் அந்த அம்மாளுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. பகலில் வெயிலில் அலைய விடாதீர்கள். எண்ணெய்ப் பண்டம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கஞ்சி வெந்தயம் போட்டதானால் குடிக்க மறுக்கிறார், சீரகம் போட்டால் குடிக்கிறார்.

தங்கள் அன்புள்ள
நண்பன்