சூரியனிற் காந்தம்

1859ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி முற்பகலில், இங்கிலாந்து தேசத்து வானியலறிஞர் ரிச்சட் கரிங்டன் சூரிய களங்கங்களை வரைந்துகொண்டிருந்தார். திடீரென ஒரு களங்கக் கூட்டத்தின் மீது வெள்ளொளி இரண்டு மின்னின. யாரையேனும் அழைத்துக் காட்டுவோமென்று அவர் ஓடி மீளுமுன்னரே அவை மங்கத் தொடங்கிவிட்டன. ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் மறைந்தும்போயின. ஒரு நாள் கழியுமுன் பூமியிலே திசைகாட்டி ஊசிகள் தடுமாறின. தந்திக் கருவிகளிலே தீப்பொறி பறந்தது. துருவ நாடுகளுக்கே உரிய ஒளிக்கோலம் கியூபாத் தீவிலும் தென்பட்டது.

இத்தனைக்கும் காரணம் காந்தமே என்று நாம் வகுப்பிற் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "காந்தத்தைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் குணம் போய்விடும் என்று சென்ற வாரந்தானே படிப்பித்தீர்கள் ஐயா? சூரியனில் மட்டும் அது எப்படி நிலைக்கும்?" என்றான். எமக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சி. மனனஞ் செய்யும் பிள்ளை இப்படிக் கேளான்.

சூரியனிலே இரும்பு எதுவும் காந்தமாய்க் கிடக்கவில்லை. அங்குள்ள வாயு மின்னேற்றம் பெற்றது. மின் ஓடுமிடத்திற் காந்தம் பிறக்கும். அவ்வாயுவும் காந்தப்புலமும் ஒன்றையொன்று பற்றியே செல்வன. சூரியனோ திண்மக் கோளமன்று. அதன் நடுக்கோட்டுப் பகுதி ஏறக்குறைய 25 நாளில் ஒருமுறை சுழல, துருவப் பகுதிகளுக்கு 30 நாளுக்கு மேற் செல்லும். முந்திச் செல்லும் வாயு காந்தக் கோடுகளையும் இழுத்துச் செல்வதால், அவை கயிறு திரித்தாற்போல் முறுக்கேறுகின்றன. முறுக்கேறியவை மேற்பரப்பைத் துளைத்து வெளிவரும் இடங்களே களங்கங்கள். 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் ஹேல் என்பார் களங்கத்தின் நிறமாலையை ஆராய்ந்து, பூமியினதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலிய காந்தப்புலம் ஆங்கு உண்டெனக் காட்டினார்.

கயிற்றை எவ்வளவு முறுக்குவது? எதிரெதிர்த் திசைக் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு வகையாக இணையும்போது, நாட்கணக்காய்த் திரண்ட சக்தி நிமிடங்களில் வெளிப்படுகின்றது. சில வேளைகளில் நூறு கோடி தொன் அளவான வாயுவும் காந்தத்தைச் சுமந்தபடி விண்ணில் வீசப்படும். வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் எம்மை எட்டும். வாயு வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள் வரை செல்லும். அது சுமந்துவரும் காந்தம் தென்திசை நோக்கியிருப்பின் பூமியின் காந்தக் கவசம் வழிவிட்டுவிடுகின்றது. 1989 மார்ச் 13ஆந் திகதி கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றித் தவித்தது இவ்வாறே.

தென்திசையோ வடதிசையோ என்பது வாயு அருகில் வந்த பின்னரே திட்டமாய்த் தெரியும். அதனை அறியவே, 2023இல் இந்தியா ஏவிய ஆதித்யா உட்படச் சில விண்கலங்கள் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றருக்கப்பால் நிற்கின்றன. அங்கிருந்து செய்தி கிடைத்தபின் எஞ்சுவது ஒரு மணிநேரமோ அதனிற் குறைவோதான். மின்னிலையப் பொறியியலாளர் அதற்குள் தம் வேலையை முடித்தல் வேண்டும்.