கூப்பிடு தூரம்

அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் இருந்தவரைக்கும் அம்மாவுக்கு வேலைக்குப் போறதுன்னா அரை மணி நேர நடை. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குப் பம்மலில் முதல் வீட்டு வாசலில் நிக்கும். நாலு வீடு. பாத்திரம், துணி, கூட்டித் துடைப்பது. மதியத்துக்குள் திரும்பிவந்து உலை வைத்துவிடும்.

2025 மே மாதம் ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். ஆக்கிரமிப்பு என்றார்கள். எங்களுக்குத் தைலாவரத்தில் அடுக்குமாடியில் வீடு. கக்கூஸ் உள்ளேயே இருக்கு, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனால் பம்மலுக்குப் போக ஷேர் ஆட்டோவில் கூடுவாஞ்சேரி, மின்சார ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து பஸ். 2021லிருந்து சாதா பஸ்ஸில் பொம்பளைங்களுக்குக் காசில்லை. ஆட்டோவும் ரயிலும் சும்மா ஏத்துமா? போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். "லேட்டா வர்றதுன்னா வேணாம்மா" என்று ரெண்டு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ரெண்டு வீட்டுச் சம்பளத்தில் வழிச்செலவும் போகணும்.

எங்க தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். ஊர் தனி, சேரி தனி, நடுவில் வயல். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கமுடியாது. பம்மல், நாகல்கேணி தோல் ஷாப்புகளில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தார். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை ஏன் அப்படிச் சாடினார் என்பது படிக்காத தாத்தாவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆனால் நகரமும் தனக்கொரு சேரி கட்டத்தான் செய்கிறது. 2000இல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், இப்போது நாங்கள். எங்க பிளாக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் பெரும்பாலும் நம்ம சனம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. ஊர்க்காரனுக்குக் களத்துக்கு ஆள் வேணும், அதனால் சேரியைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருந்தான். நகரத்துக்கு அந்தக் கவலை இல்லை. எவ்வளவு தூரத்தில் தள்ளினாலும் நாங்களே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து பாத்திரம் தேய்ப்போம் என்று அதற்குத் தெரியும்.

இத்தனை பேருக்கு வீடு கொடுத்தோம் என்று கணக்கு எழுதுகிறார்கள். அந்த வீட்டிலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம், போய்வர எவ்வளவு காசு, எத்தனை பேருக்கு வேலை போச்சு என்றும் எழுதச் சொல்லணும். தோழர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

இன்றைக்கும் அம்மா நாலரைக்கே கிளம்பிடுச்சு.