வேகமான வண்டி

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் மற்றவர்களிடம் "எந்த வண்டி?" என்று கேட்கிறார்கள். எங்களிடம் "எதுக்கு வண்டி?" என்று கேட்கிறார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, பிள்ளைகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போக என்று ஏதாவது ஒரு கஷ்டத்தைச் சொல்லிவிட்டால் போதும், சரி என்று விட்டுவிடுவார்கள். வேகமாகப் போகிற வண்டி ஒன்று வேணும், அதை ஓட்டணும், அதுதான் காரணம் என்றால் முகம் மாறுகிறது. சாதி இந்துக்கள் முகம் மட்டுமில்லை, எங்க ஆளுங்க முகமும்தான். இயக்கத் தோழர் ஒருவர் "இது நுகர்வு வெறி" என்றார். அவர் வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு கார் நிற்கிறது. அவருக்கு அந்த வெறி தெளிந்திருக்கலாம்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். இருபத்திரண்டு வருசமாகப் பிள்ளைகளுக்கு இன்ஜினைப் பிரித்து மாட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். வீடு ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளே, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு காலனி. கையில் இருந்தது 4 லட்சம். பாதி சீட்டு எடுத்தது, பாதி வீட்டுக்காரி தையல் மிஷினை மிதித்துச் சேர்த்தது. (கார் லைசென்ஸ் எங்க வீட்டில் முதலில் எடுத்தது அவள்தான்.) இந்தக் காசுக்குப் புது வண்டி என்றால் ஆயிரம் சி.சி. சின்ன வண்டியில் கீழ் மாடல் வரும். குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம்.

மூன்று மாதம் அலைந்ததில் கடைசியாக இரண்டு வண்டி நின்றது. ஒன்று ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2014ஆம் வருசத்து வண்டி, சிவப்பு. 4 லட்சத்து 10 ஆயிரம் சொன்னார்கள். இன்னொன்று ஃபோர்டு ஃபிகோ ஒன்றரை லிட்டர் டீசல், 2016, சாம்பல் நிறம். 3 லட்சத்து 35 ஆயிரம். இரண்டுமே இன்றைக்குப் புதிதாகக் கிடைக்காது. ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. போலோவும் 2022இல் நின்றுபோனது. பார்ப்பதற்கு இரண்டும் சாதாரணக் குட்டிக் கார். உள்ளே இருக்கிற சரக்கு வேறு.

போலோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் மனசு அதில்தான் கிடந்தது. 1197 சி.சி. பெட்ரோல் இன்ஜின்தான். ஆனால் டர்போ இருப்பதால் 105 குதிரைத்திறன் வருகிறது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 9.7 விநாடியில் எட்டும் என்பது கம்பெனிக் கணக்கு. அதன் உயிர் கியர்பாக்ஸில் இருக்கிறது. டி.எஸ்.ஜி. என்பார்கள். உள்ளே இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. வண்டி மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராக மாட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒன்று விடுகிற நேரத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். கியர் மாறியது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. சமயபுரம் டோல்கேட் தாண்டி சிறுகனூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நூறைத் தொட்டதும் காலை எடுத்துவிட்டேன். இன்னும் போகலாம் என்று வண்டி சொன்னது. பாதுகாப்பும் உண்டு. 2014இல் குளோபல் என்கேப் இடித்துப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத போலோவுக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்ததற்கு நான்கு கிடைத்தது. ஜி.டி.யில் அந்த இரண்டும் இருக்கிறது.

சிக்கலும் அதே கியர்பாக்ஸில்தான். இந்த ஏழு கியர் பெட்டியில் இருப்பது உலர் கிளட்ச். எண்ணெயில் ஊறாது. நெடுஞ்சாலையில் சந்தோஷமாக ஓடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும் பாலக்கரையிலும் சாயந்திர நேரத்தில் அடி அடியாக நகரும்போது அரைக் கிளட்சிலேயே கிடந்து சூடாகும். அதை இயக்குகிற மெக்கட்ரானிக் என்கிற பகுதி போனால் வண்டி போட்ட இடத்தில் நிற்கும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி, "அண்ணே, அது போச்சுன்னா லட்சத்துக்கு மேல எடுத்து வைக்கணும், நான் திறந்துகூடப் பாக்க முடியாது" என்றான். எங்கள் பாலிடெக்னிக்கில் படித்து, கார் கம்பெனி சர்வீஸில் ஏழு வருசம் இருந்து, இப்போது சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறவன். அவனே கை வைக்க முடியாது என்றால் வேறு யாரிடம் போவது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. வண்டி சென்னைப் பதிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய கார்கள் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்கு வந்து விலைபோன கதை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சேற்றுக் கறை இருந்தால் அங்கேதான் நிற்கும், யாரும் கழுவ மாட்டார்கள். சுத்தமாக இருந்தது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருசம். நான்கு டயரும் ஒரே வாரம். யோக்கியமான வண்டிதான்.

ஃபிகோ வேறு குணம். 1498 சி.சி. டீசல், 100 குதிரைத்திறன், ஆனால் முறுக்குவிசை 215 நியூட்டன் மீட்டர். போலோவுக்கு 175தான். 1750 சுற்றுக்குக் கீழே தூங்கும். அதைத் தாண்டியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஓர் இழுப்பு. லாரியைத் தாண்ட கியர் குறைக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்கில் உயிர் குறைவு, சாலை என்ன சொல்கிறது என்பது கைக்கு வந்து சேரவில்லை. வளைவில் கொஞ்சம் சாய்கிறது. இந்த இரண்டிலும் போலோ எங்கேயோ இருக்கிறது. ஆனால் சாதா கியர், சாதா கிளட்ச். தம்பி ஷெட்டிலேயே இறக்கி ஏற்றலாம். டைமிங் பெல்ட்டை மட்டும் காலத்தில் மாற்றிவிட வேண்டும், அறுந்தால் இன்ஜின் காலி.

அப்பாவைக் கூட்டிப் போனேன். அவருக்கு எழுபத்தாறு. முப்பத்தோரு வருசம் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டுக்கு அம்பாசிடர் ஓட்டியவர். 1987இல் ராஜகோபுரக் கும்பாபிஷேகம் நடந்தபோது ஜங்ஷனுக்கும் கோயிலுக்குமாக அந்த வீட்டு விருந்தாளிகளை ராப்பகலாக ஏற்றி இறக்கினார். வண்டியைத் துடைக்கலாம், சாவியை வைத்துக்கொள்ளலாம், பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மெட்ராஸ் வரைக்கும் ஓட்டலாம். எட்டு மணி நேரம் இரண்டு பேருக்கும் ஒரே காற்று. திரும்பி வந்ததும் கொல்லைப்பக்கம் போய்த் தனி டம்ளரில் காப்பி.

அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதியதில் சாலிஸ்கான் சம்பவம் ஒன்று உண்டு. இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1929இல் விசாரணைக் குழு உறுப்பினராகப் போன அவரை ஏற்றிக்கொண்டு போக டோங்காக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். விருந்தாளியை நடக்க விடுவது தங்களுக்குக் கேவலம் என்று நம் சனங்கள் வண்டி ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். ஆற்றுக்கு மேல் இருந்த சின்னப் பாலத்தில் சக்கரம் சிக்கி, அவர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் வாங்கியவருக்கு அந்த ஊரில் ஒரு டோங்காக்காரன் கிடைக்கவில்லை. நாம் ஓட்டி அவர்கள் உட்கார்ந்து போவதில் அவர்களுக்கு ஒரு காலத்திலும் தீட்டு இருந்ததாகத் தெரியவில்லை. எங்கப்பா முப்பத்தோரு வருசம் ஓட்டியிருக்கிறார். நாம் உட்கார்ந்து போவதில்தான் எல்லாம் வருகிறது. நாமே ஓட்டி நாமே உட்கார்ந்து, அதுவும் ஒரு வேலையும் இல்லாமல் போனால் அதற்கு அவர்களிடம் பெயரே கிடையாது, "திமிர்" என்பதைத் தவிர.

போலோவில் அப்பா உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். கீழே குனிந்து பார்த்துவிட்டு, "இடது கால் என்னடா பண்ணும்?" என்று கேட்டார். சும்மா இருக்கும் என்றேன். "சும்மாவா?" என்று சிரித்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஃபிகோவை எடுத்தபோது பேச்சில்லை. கொள்ளிடம் புதுப் பாலத்தில் இரண்டாவது கியரில் இழுத்து மூன்றுக்கு மாற்றினார். அந்தக் கை நடுங்கவில்லை. அந்த வீட்டு அம்பாசிடரை அறுபதுக்கு மேல் அவர் ஓட்டியதே கிடையாதாம், ஓட்டவும் விட மாட்டார்களாம். எனக்கு அது இத்தனை நாள் தெரியாது.

போலோ எடுப்பதாக இருந்தால் விலை போக, கியர்பாக்ஸுக்கென்று ஒன்றரை லட்சமாவது ஒதுக்கி வைக்கணும். அதற்காகக் கடன் கேட்டுப் போனேன். பெயர் வேண்டாம், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. சம்பளச் சீட்டு சரி, சிபில் மார்க் சரி. விலாசத்தைப் பார்த்ததும் அந்தப் பையன் உள்ளே போய்விட்டு வந்து, "சார், அந்த ஏரியாவுக்கு நாங்க பண்றதில்ல" என்றான். அந்தத் தொழிலில் இதற்குப் பெயர் நெகட்டிவ் ஏரியா. வசூல் சரியாக வராத இடம் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் தெருப் பெயர்தான் இருக்கும், சாதிப் பெயர் இருக்காது. ஆனால் எங்கள் காலனிக்கு நூறு அடி தள்ளி, அதே பின்கோடில், என்னோடு வேலை பார்க்கிறவருக்கு அதே கம்பெனி கடன் கொடுத்திருக்கிறது. பையன்மேல் கோபமில்லை. அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவள் கேட்டது நிறம். "செவப்பு வேணாம்டா. கண்ணுல படாத கலரா வாங்கு." லால்குடி பக்கம் எங்க ஊர். சேரிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். அப்பா காலத்தில் அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். பொதுச்சாலை எல்லாருக்கும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருசம் தாண்டிவிட்டது. அம்மா சொல்வது அந்தக் காலத்துப் பயம் என்று தள்ளிவிட முடியவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கும் தலித் பையன் ஒருவனைக் கையில் வெட்டினார்கள். எங்க முன்னாடி புல்லட் ஓட்டுவியா என்று கேட்டு வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அம்மா அதை டி.வி.யில் பார்த்தவள். வேகத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, வேகம் வெளியே தெரியாது. சிவப்பு தெரியும்.

ஃபிகோவை வாங்கினேன். பயந்து வாங்கினானா, கணக்குப் போட்டு வாங்கினானா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நானும் கேட்டுக்கொண்டேன். சிவப்பில் ஒரு ஃபிகோ இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன், அதில் சந்தேகமில்லை. போலோவை விட்டதற்குக் காரணம், அது நின்றுபோனால் எடுத்து ஓட வைக்கிற கை எங்களிடம் இல்லை என்பதுதான். காசுள்ளவனுக்குக் கியர்பாக்ஸ் போனால் ஒரு மாசத்துச் சங்கடம். நமக்கு மூன்று வருசத்துச் சீட்டு. "யோசிச்சு வாங்கு", "சிக்கனமா வாங்கு" என்று நமக்குச் சொல்லப்படுகிற புத்திமதி எல்லாம் இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுத்தான் சொல்லப்படுகிறது. எனக்கும் அந்த இடத்தில் கடன் கிடைத்திருந்தால் இந்நேரம் போலோவில் இடது காலைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்காரி, சிவப்பு பெயின்ட் அடித்துவிடலாமா என்றாள். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றணும், அதற்குத் தனி அலைச்சல். பக்கவாட்டில் கதவு நீளத்துக்கு ஒரு நீலப் பட்டை ஒட்டியிருக்கிறோம். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஊர்த்தெரு வழியாகத்தான் போனோம், இரண்டாவது கியரில். அங்கே வேகம் எதற்கு, ஏழு வேகத்தடை இருக்கிறது. டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அப்பா முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே போட்டிருந்தார்.

படிவம் 29, 30 இரண்டும் கொடுத்து, பழைய கடனை நீக்க 35ஆம் படிவமும் வாங்கிச் சேர்த்து, ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றியாயிற்று. வண்டி ஏற்கெனவே டி.என். 48 என்பதால் அலைச்சல் குறைவு. பெயர் அவள் பெயர், விலாசம் அதே காலனி. மிச்சம் 65 ஆயிரம் இருந்தது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பக்க இரண்டு டயர். பெல்ட்டைக் கழற்றிய அன்று தம்பி ஷெட்டுக்கு எங்கள் இரண்டாம் வருசப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் இரண்டு இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது.