59 சிப்பம் நெல்லுக்கு ஒரு லேப்டாப்

நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 2025–26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாயா இருந்துச்சு. 40 கிலோ சிப்பம் ஒண்ணுக்கு 1,018 ரூபாய் வருது. ஒரு லேப்டாப் 60,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா 59 சிப்பம். குறுவையில் எனக்கு ஏக்கருக்குத் தேறினது 57 சிப்பம்தான். அதிலும் உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் கழியணும். டவுனில் இருக்கிற உங்களுக்கு அது ஒரு மாசச் சம்பளமா இருக்கலாம். எங்க வீட்டில் ஒரு ஏக்கர் வெள்ளாமை முழுசா ஒரு பெட்டிக்குள்ள போகுது. அதனால்தான் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் விசாரிச்சேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

பழசு ஏன் ஆகாது என்று முதலில் சொல்லிடுறேன். அது ஐந்தாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடணும்னா இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். லினக்ஸ் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனா கீலும் போச்சு, பேட்டரியும் போச்சு. கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, பட்டா சிட்டா, பேங்க் எல்லாம் பார்க்கிற பெட்டி. அதை ஆதரவில்லாமல் வச்சிருக்க மனசு வரல.

வீட்டில் ரெண்டு கட்சி. எனக்கு எழுத, கணக்குப் போட, போட்டோ எடுத்து வைக்க ஒண்ணு வேணும். பாப்பா பிளஸ் டூ, அவளுக்குப் பாட வீடியோ. திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி மாசத்துக்கு ரெண்டு தடவை வருவான், லீவு விட்டா பத்து நாள் இருப்பான். அவனுக்கு விளையாடணும். 84,000 ரூபாயில் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு போட்ட கேமிங் லேப்டாப் ஒண்ணை அவன் போனில் காட்டினான். கடைக்காரரோ என் வேட்டியைப் பார்த்துட்டு, "உங்க வேலைக்கு இது போதும் அண்ணே"ன்னு 36,000 ரூபாயில் ஒண்ணை எடுத்து வச்சார்.

ரெண்டு பேர் சொன்னதையும் நான் உடனே எடுத்துக்கல. தம்பியை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். என்னென்ன விளையாட்டு, மாசத்துக்கு எத்தனை மணி நேரம்? வேலரன்ட், ஜிடிஏ 5, யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்று எழுதினான். யூரோ டிரக் 2012இல் வந்தது, ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015இல், வேலரன்ட் 2020இல். எல்லாம் பழசு, இல்லைன்னா லேசானது. நேரத்தைக் கூட்டினால் சராசரியா மாசம் இருபது மணி நேரம் தேறல. நானும் பாப்பாவும் எழுதினது நூறு மணி நேரத்தைத் தாண்டிச்சு. அந்தத் தாளைப் பார்த்ததும் பாதி சண்டை அடங்கிடுச்சு.

அடுத்து கடைக்காரர் காட்டினது. சந்தையில் மாடு வாங்கும்போது கொம்புக்குப் பெயின்ட் அடிச்சிருக்கிறதைப் பார்க்க மாட்டோம், பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம். ப்ராசஸருக்கும் பல் உண்டு, தம்பிதான் காட்டிக் கொடுத்தான். அந்த மெஷினில் ரைசன் 5 7520யூ என்று ஒட்டியிருந்தது. 7 ஆயிரத்துச் சொச்சம்னு பார்த்தா புதுசு மாதிரி இருக்கும். அந்த 7000 வரிசையில் வயசைச் சொல்றது மூணாவது எண். இதில் அது 2. அப்படின்னா ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. 7530யூ என்றால் மூணாவது எண் 3, ஒரு தலைமுறை புதுசு. படம் வரைகிற பாகமும் அப்படித்தான். 7520யூவில் 2 யூனிட், 7735எச்எஸ்ஸில் 12 யூனிட். ரெண்டும் பேரில் 7000 வரிசைதான்.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பார்க்கணும். யூ என்றால் கரண்ட் குறைவாக எடுக்கும், எச் என்றால் கூடுதல் வலு, கூடுதல் சூடு.

மெமரி 8 ஜிபி இப்போதைக்கு ஓடும். ஆனா வாங்குறது அஞ்சாறு வருஷத்துக்கு. அந்த 36,000 ரூபாய் மெஷினில் 8 ஜிபியும் போர்டோடு ஒட்டினது, பின்னாடி கூட்ட முடியாது. 16 ஜிபி வேணும்னு முடிவு பண்ணினேன். அதுவும் ரெண்டு 8 ஆக இருந்தால் நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் படம் வரையவும் இதே மெமரியைத்தான் எடுத்துக்குது. ஒரு மதகில் பாயுற தண்ணிக்கும் ரெண்டு மதகில் பாயுற தண்ணிக்கும் உள்ள வித்தியாசம்தான். இன்டெலில் ஐரிஸ் எக்ஸ்இ என்று பேர் போட்டிருந்தாலும், ஒரே சேனலில் மெமரி இருந்தால் அது வெறும் யூஎச்டியாகத்தான் வேலை செய்யும்.

இனி தம்பியோட 84,000. அதைக் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். தினம் விளையாடுறவங்க, வீடியோ எடிட்டிங் செய்யுறவங்களுக்கு அது வேணும். அவங்களுக்கும் ஒரு சேதி: ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஒரே பேர் இருந்தாலும் அந்தக் கார்டு 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை பல விதமா வருது. வாட் எவ்வளவுன்னு கேட்காமல் வாங்குறது, எத்தனை எச்பின்னு கேட்காமல் மோட்டார் வாங்குற மாதிரி.

எங்க ஊருக்கு அது ஏன் ஒத்துவராதுன்னா, முதல் காரணம் தூசி. அறுப்புக் காலத்தில் தெருவே பதரும் சுணையுமா கிடக்கும். பெரிய விசிறி ரெண்டு வச்சுக் காத்தை இழுக்கிற மெஷின் அதையும் சேர்த்துத்தான் இழுக்கும். ரெண்டாவது கரண்ட். கேமிங் லேப்டாப் முழு வலுவில் ஓட பிளக்கில் சொருகியே இருக்கணும், பேட்டரியில் போட்டால் வேகம் குறையும். இங்கே விளையாட உட்காருற சாயங்காலத்தில்தான் கரண்ட் போகும்.

லோ வோல்டேஜ் பத்திப் பலர் பயப்படுறாங்க. அடாப்டரைத் திருப்பிப் பாருங்க, 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். 170க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். பயப்பட வேண்டியது இடி மின்னலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினாலே பிளக்கைப் பிடுங்கிடுவோம்.

திரையில் நான் காசு பார்க்கல. விலை குறைஞ்ச லேப்டாப்பில் 250 நிட் வெளிச்சம்தான் இருக்கும், பகலில் திண்ணையில் உட்கார்ந்தால் நம்ம முகம்தான் தெரியும். 300 நிட்டாவது வேணும். நிறமும் முக்கியம். இலை வண்ண அட்டையை வச்சுப் பார்த்து யூரியா போடுறவன் நான். எடுத்த போட்டோவில் பச்சை பச்சையாத் தெரியணும், வெளுத்துத் தெரியக் கூடாது. சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி, இன்னொண்ணு போட காலி இடம் இருக்கான்னு கேட்டுக்கிட்டேன்.

இன்னொரு கேள்வி, வாரன்டி. வீட்டுக்கு வந்து பார்ப்பாங்களா, நாம தூக்கிக்கிட்டுப் போகணுமா? "எங்க பின்கோடுக்கு ஆள் வருவாரா"ன்னு கேட்டேன். ஒரு கடையில் பேச்சையே மாத்திட்டாங்க. இன்னொரு கடையில், பில் இல்லாமல்னா குறைச்சுத் தர்றோம்னாங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி வலிக்கத்தான் செய்யுது. ஆனா பில் இல்லாத மெஷின் பழுதானா யார்கிட்ட போய் நிக்கிறது?

கடைசியா வாங்கினது ரைசன் 7 7735எச்எஸ், 16 ஜிபி, 300 நிட் திரை, தனி கார்டு கிடையாது. 58,500 ரூபாய். 36,000 ரூபாய் மெஷினை வாங்கியிருந்தாலும் என் எழுத்து வேலை ஓடியிருக்கும். ஆனா அதில் தம்பிக்கு இடம் இருந்திருக்காது. வயசுப் பிள்ளை. லீவில் வந்தால் போனோட ரூமுக்குள்ள போயிடுறான். கூடத்தில் ஒரு மெஷின் இருந்து, அதில் அவன் நினைச்சது ஓடினால், கூடத்தில் உட்காருவான். 22,500 கூடப் போட்டது அதுக்கும் சேர்த்துத்தான். அவன் கேட்டதைவிட மிச்சமான 25,500 சம்பாவுக்கு மேலுரத்துக்கும் மோட்டார் காயில் கட்டவும் போச்சு. அதையும் அவன்கிட்ட கணக்காச் சொன்னேன். "சரிப்பா"ன்னான். முகம் கொஞ்சம் சுருங்கினது உண்மைதான்.

வேலரன்ட் தடங்கல் இல்லாமல் ஓடுது. ஜிடிஏ நடுத்தர செட்டிங்கில் ஓடுது. பொங்கல் லீவில் பாப்பாவுக்காக ஃபார்மிங் சிமுலேட்டர் 25 போட்டுக் கொடுத்தான், செட்டிங்கைக் குறைச்சு வச்சா ஓடுது. சுவிட்சர்லாந்து கம்பெனி செஞ்ச விளையாட்டு. நெல்லும் எருமையும் 2024இல் வந்த இந்தப் பதிப்பில்தான் சேர்ந்திருக்கு. நாள் முழுக்க வயலில் கிடந்துட்டு ராத்திரி இதிலயும் வயலான்னு வீட்டில் கேலி. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதில் ஒவ்வொரு விற்பனை இடத்துலயும் ஒவ்வொரு விலை. பாப்பா கிட்டத்தில் இருந்த இடத்துக்கு டிரெய்லரைத் திருப்பினாள். "அவசரப்படாத, நாலு இடத்துல விலை பார்த்துட்டு ஓட்டு"ன்னேன். தம்பி சிரிச்சுக்கிட்டே நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டான்.