மூடுபனியும் காமிராவும்

தாயகம் செல்லும் நம் குடும்பத்தார், தமிழகத்தை ஒட்டிய பாலக்காட்டு, இடுக்கி மலைகளுக்கு டி.எஸ்.எல்.ஆர். காமிராவுடன் செல்வதுண்டு. சென்ற மழைக்காலத்தில் யாமும் சென்றோம்.

பாலக்காட்டைச் சேர்ந்த பரம்பிக்குளத்திற்குச் சாலை தமிழகத்தின் சேத்துமடை வழியே செல்கிறது. அங்கே குளிரூட்டிய காரைவிட்டு இறங்கியதும் லென்ஸ் வியர்த்தது. துடைத்துப் பயனில்லை, கண்ணாடியின் குளிர் தணியும்வரை ஈரம் மீண்டும் படியும். காமிராவைப் பையிலேயே மூடி அரைமணி வைத்தோம்; தெளிந்தது. அவ்வேளையில் லென்ஸைக் கழற்றலாகாது. உள்ளிருக்கும் சென்சாரிலும் ஈரம் படியும்.

பின்னர் இடுக்கியின் இரவிகுளம் சேர்ந்தோம். 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியை மூடிய வெண்பனி, படத்தில் சாம்பல் நிறமாக விழுந்தது. எக்காட்சியையும் நடுத்தர ஒளியாகவே காமிரா கணிப்பதுதான் காரணம். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினோம், வெண்மை திரும்பியது. பனியில் தானியங்கி ஃபோகஸ் பிடிபடாது அலைந்தபோது, வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்தோம்.

2018-இல் அம்மலைகளில் பூத்த நீலக்குறிஞ்சி, இனி 2030-இல் பூக்குமென எதிர்பார்க்கப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து காணும் காட்சியை, பழுதற்ற காமிராவைப் பழுதென்றெண்ணி இழக்கலாமோ? புறப்படுமுன் இச்சிறு பயிற்சிகளை வீட்டிலேயே பழகிக்கொள்வீர்களாக.