ஆணி அடிக்கும் முன்

அமெரிக்காவில் மகள் வீட்டு ஹாலில் இந்த வாரம் சீலிங்குக்குள் பதிக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் போட்டார்கள். இங்கே மாடியைத் தாங்குவது மரச் சட்டங்கள். அவற்றின் அடியில் ஜிப்சம் பலகை. பழைய பலகையைக் கழற்றியிருந்ததால் உள்ளே நன்றாகப் பார்த்தேன்.

எலக்ட்ரீஷியன் முதலில் பிரேக்கரை அணைத்தார். பிறகு டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வயருக்கான துளையைச் சட்டத்தின் விளிம்பிலிருந்து 1¼ அங்குலமாவது தள்ளிப் போட்டார். அவ்வளவு இடம் கிடைக்காத சட்டங்களில் இரும்புத் தகடு அடித்தார்.

"எதற்குத் தம்பி இந்தக் கணக்கு?" என்றேன்.

"பலகைக்குப் போடும் திருகு வயரைக் குத்தக் கூடாதே, சார்" என்றார். வயர் இணைப்புகள் எல்லாமே பெட்டிக்குள்தான்.

அந்தச் சீலிங்குக்கு மேல் அறையில்தான் பேத்தி தூங்குகிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நம் ஊர் கான்கிரீட் வீட்டுக்கும் இது பொருந்தும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் சுவரைத் துளைக்காதீர்கள். பெரும்பாலும் வயர் அந்த வழியில்தான் போகும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள், பலகையை மூடும் முன் வயர் போகும் வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அங்கே ஆணி அடிக்கப் போவது யாரோ, நமக்குத் தெரியாது.